அமுச்சியும் பதின்மூன்று எழுத்துகளும்

வீட்டில் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பெரியவர்களின் கையெழுத்தே பிழையாகிப்போன காலம் ஒன்று உண்டு. 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் நூற்றாண்டையொட்டி, எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. அதற்குப் பின் வந்த சில வருடங்களைத்தான் சொல்கிறேன்.

விதை விழுந்தது எங்கள் ஈரோட்டில். 1925-இல் அங்கே தொடங்கிய 'குடிஅரசு' இதழில், 1935 முதல் பெரியார் மாற்றிய எழுத்துகளை அச்சிட்டார். அதுவரை ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் துதிக்கை வளைந்திருக்கும். ணா, றா, னாவில் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழித்து ஒட்டிக்கொள்ளும். ணொ, றொ, னொ, ணோ, றோ, னோவிலும் அப்படியே. மொத்தம் 13 எழுத்து. இவற்றுக்காக அச்சகத்தில் தனி அச்சுகள் வேண்டும், பிள்ளைக்குத் தனி மனப்பாடம் வேண்டும். பெரியார் ஐ, ஔ இரண்டையும்கூட அய், அவ் என்று எழுதச் சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை. 13-ஐ மட்டும் எடுத்துக்கொண்டது.

அப்போது நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி மாணவி. சாயங்காலமானால் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, திண்ணையில் உட்கார்ந்து சொல்வதெழுதுதல் போடுவார். தன் அண்ணன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததை, வாசல் மணலில் விரல் வைத்துக் கற்றுக்கொண்டவர். 'யானை' என்று நான் புது மாதிரி எழுதியதும் சிலேட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, அப்ப நான் இத்தனை வருசமா எழுதுனது தப்பா?"

"தப்பில்லீங் அமுச்சி, இப்ப மாத்திட்டாங்க."

மாற்றம் சரியானது. இன்றும் அதை ஆதரிக்கிறேன். படிக்க வரும் பிள்ளையின் சுமையை அது குறைத்தது. ஆனால் எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. 13 எழுத்தையும் ஒரு தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தால் போதும். அது நடக்காததால், "நமக்கெதுக்கு, வாத்தியாரே சொல்லட்டும்" என்று ஒதுங்கிய அப்பத்தாக்களையும் அப்பாருகளையும் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே அரிதாயிருந்த தலைமுறை அது. அவர்கள் ஒதுங்கியது பெரிய இழப்பு.

அமுச்சி ஒதுங்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் இடப்புறம் பழையதும் வலப்புறம் புதியதுமாக என்னை எழுதச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். பிறகு, எந்த ஆணையும் தொடாத இடத்துக்கு வந்தார்: ர-ற, ல-ள-ழ. பிள்ளைகள் இன்றும் தடுமாறுவது அங்கேதான். அவர் சொன்ன சொற்கள் எல்லாம் தோட்டத்தில் இருந்தவை. கறவை மாட்டுக்கு வல்லின ற, கரும்புக்கு இடையின ர. மஞ்சளுக்கு ள, வாழைக்கு ழ, வெல்லத்துக்கு ல. கையில் தொட்ட பொருளின் எழுத்து எனக்கு மறக்கவே இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் 1978-க்கு முந்தைய கடிதமோ, கலியாணப் பத்திரிகையோ, கணக்கு நோட்டோ இருக்கும். எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். 13 எழுத்தை மட்டும் காட்டிவிட்டால் மீதியை அதுவே வாசித்துவிடும்.