வட்டெழுத்து முதல் 'பலூ தம்பி' வரை

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் கல்லையும் ஓலையையும் அச்சையும் பேசுவர். கடைப்பலகையிலும் மிட்டாய் உறையிலும் குழந்தை நூலின் அட்டையிலும் காணும் தடித்த, உருண்ட எழுத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதற்கும் ஒரு மரபுண்டு. அம்மரபு தரும் எச்சரிக்கையும் உண்டு.

உருட்சி தமிழுக்குப் புதிதன்று. நம் மாவட்டத்துச் செங்கம் பகுதியில், ஆநிரைக்காகப் போரிட்டு வீழ்ந்த மறவர்க்கு எடுத்த பல்லவர் காலத்து நடுகற்கள் வட்டெழுத்துப் பொறிப்புடன் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைச் 'செங்கம் நடுகற்கள்' என நூலாக்கியது. சோழராட்சி பாண்டி நாட்டிற் பரவியபின் வட்டெழுத்து அங்கு மெல்ல வழக்கிழந்தது; மலைநாட்டில் நெடுங்காலம் நிலைத்தது.

இன்று நாம் எழுதுவது வட்டெழுத்தின் நேர்வழித் தோன்றலன்று; பல்லவர், சோழர் காலத் தமிழெழுத்தின் வளர்ச்சியே. எனினும் ஓலை அதனையும் வளைத்தது. நரம்போட்டத்தின் வழியே நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும். புள்ளி குத்தினால் துளை விழும் என்பர். ஏடுகளில் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. பழைய நூல்களைப் பதிப்பித்தோர் வரிதோறும் தடுமாற நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாயிருந்து தாளை விழுங்கியதால், சிறியவை அங்கேயே வார்க்கப்பட்டன. அச்சு சிக்கனத்தை நாட, தடித்த எழுத்தைச் சுவரிலும் திரைப்பட விளம்பரத்திலும் வளர்த்தது ஓவியரின் தூரிகை.

அத்தூரிகையின் பணியைக் கணினியில் ஏற்ற எழுத்துருக்களுள் ஒன்று 'பலூ'. மும்பையின் 'எக் டைப்' குழுவினர் 2010களின் நடுவில் கரடியின் பெயரிட்டு வெளியிட்டது. ஒன்பது இந்திய வரிவடிவங்களுக்கு அமைந்தது. எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். மலையாளத்திற்குச் 'சேட்டன்', தெலுங்குக்குத் 'தம்முடு', தமிழுக்குத் 'தம்பி' என உடன்பிறப்பு முறையாலேயே பெயர்கள் அமைந்தன. தமிழ் வடிவை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். முதலில் ஒரே தடிமனில் வந்தது, 2019-இல் 'பலூ 2' என ஐந்து தடிமன்களாக விரிந்தது.

தமிழெழுத்தைத் தடிக்கச் செய்தல் எளிதன்று. ணகரத்தின் சுழிகளிலும் இகரத்தின் வளைவுகளிலும் உள்வெளி குறுகிவிடும். பட்டு நெசவறிந்த நம் ஊரார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கட்டத்தாளில் புட்டா வரைவோர் சரிகை விழும் கட்டங்களை மட்டும் எண்ணுவதில்லை. இடையே உடல் நிறம் தெரிந்தால்தான் உரு துலங்கும்.

எழுத்து உருள்வதும் விளையாடுவதும் தவறல்ல. ஆனால் ரகரத்தின் சாய்ந்த கால் தடிமனில் மறைந்தால், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால், ஏட்டுக் காலத்துத் தடுமாற்றம் மீண்டும் வந்துசேரும். 'கல்' என்பது நேரசை; புள்ளி மறைந்து 'கல' என்றானால் நிரையசை. தளையும் தட்டும், பொருளும் மாறும். வணிகர்க்கு இது சிறு பிழையாகலாம், கவிஞர்க்கு அவ்வாறன்று. நூலட்டைக்கும் அழைப்பிதழுக்கும் எழுத்துருத் தேரும் நம் வட்டத்தார், அழகு பார்க்குமுன் ரகரத்தையும் ணகரத்தையும் புள்ளியையும் பார்ப்பாராக.