மூணாற்றின் ஆட்சி வரலாறு

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமே மூணாறு. இவ்வூரை ஆண்டோர் யாவர் என ஆராயின், நாட்டரசினும் கம்பெனியின் கையே நெடுங்காலம் ஓங்கியிருந்தமை புலனாகும்.

பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை 1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி தோன்றியது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறிய நம் முன்னோர் காட்டைத் திருத்தித் தேயிலை வளர்த்தனர். சாலையும் குடியிருப்பும் கம்பெனி வகுத்தவையே.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமெனக் கிளர்ச்சி எழுந்தது. ஆயினும், 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அவை கேரளத்திலேயே நின்றன. 1971-ஆம் ஆண்டுச் சட்டம், பயிரிடப்படாத தோட்ட நிலங்களை அரசுடைமையாக்கியது. 1972 சனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. 2010-இல் மூணாறு ஊராட்சியினின்று இடமலைக்குடி பிரிந்து, கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாயிற்று. முதுவர் தம் குடிகளைத் தாமே ஆளும் வாய்ப்புப் பெற்றனர்.

தோட்டத் தொழிலாளர்க்கோ, வாக்குரிமை இருந்தும் சொந்த மனையில்லை. பணி முடிந்ததும் லயத்தை விட்டு நீங்குதல் வேண்டும். 2015-இல் போனசுக்காகச் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுப் பெண்கள் தாமே போராடினர். அவ்வாண்டே உள்ளாட்சித் தேர்தலிலும் அவர்களுட் சிலர் வென்றனர். மன்றத்தில் இடம் பெற்ற இம்மக்கள் மண்ணிலும் இடம் பெறும் நாளே இவ்வரலாறு நிறைவுறும் நாள் என்போம்.