நற்செய்திக் கழக வழக்கு

நியூயார்க் மாநிலத்து மில்ஃபோர்டு என்னும் சிற்றூரின் அரசுப் பள்ளியில், வகுப்புகள் முடிந்தபின் 6 முதல் 12 வயதுப் பாலர்க்கு விவிலியம் போதிக்க இடம் கோரிய நற்செய்திக் கழகத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் எழுந்து, 2001 ஜூன் 11 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்ட வழக்கு. இக்கழகத்தில், பெயர் அழைக்கப்படும் குழந்தை ஒரு வசனத்தை ஒப்பித்தால் தின்பண்டம் பெறும். பின்னர் கீதமும் விளையாட்டும் வேதக் கதையும் நடைபெறும். ஒழுக்கப் பயிற்சியின் பொருட்டுப் பிறர்க்குத் திறந்த கூடத்தைச் சமய நோக்கு ஒன்றுக்காகவே அடைப்பது பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதமான பாரபட்சம் என்று, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு (6–3) விதித்தது. ஆயினும், பிள்ளைகளின் இளமையையும் பள்ளி விட்டவுடனேயே கூட்டம் தொடங்குவதையும் சுட்டி நீதிபதி டேவிட் சூட்டர் தம் மாற்றுத் தீர்ப்பில் எழுப்பிய ஐயம், குழந்தை மனம் அறிந்தோர் எளிதில் தள்ளத்தக்கதன்று. பெரும்பான்மைத் தீர்ப்பு நிலைநாட்டிய சமத்துவத்தை ஆதாரமாகக் காட்டியே, 2016 முதல் சாத்தானியக் கோயில் என்னும் அமைப்பு, அறிவியலும் பகுத்தறிவும் புகட்டும் கழகங்களுக்கு இடம் கோரலாயிற்று.