பாட்டும் பங்கும்

நுரைச்சோலைக் கடற்கரையில் கரைவலை இழுபடுவதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். கயிற்றைப் பற்றும்போது எல்லோருடைய குரலும் ஒன்றே. மீன் மணலில் குவிந்த பின்னரே பங்கு பற்றிய பேச்சு எழுகிறது. வலையுடைய சம்மாட்டிக்கு எவ்வளவு, தோள் நோக இழுத்தவனுக்கு எவ்வளவு என்ற வினாவில் உறவுகளும் முறிவதுண்டு. அம்முறிவைக் குணக்கேடு என்று ஒதுக்குவது எளிது. பங்கீட்டு முறையில் அதன் வேரைத் தேடுவதே நமது கடமை. இசையுலகின் பிணக்கொன்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடி வந்த கலைஞர். 1957 இல் கேரளத்தில் அமைந்த ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அரசுக்கு, 1958 ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தல் ஒரு சோதனையாயிற்று. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாவலரின் பாட்டுகள் ஒலித்தன. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பாவலரின் குழுவில் பாடி வளர்ந்த தம்பியருள் ஒருவரே இளையராஜா. அம்மேடைகளில் பாட்டு, போராட்டத்தின் கருவி, விற்பனைப் பண்டமன்று.

தம்பியர் பின்னர் சென்னைக்கு வந்தனர். எஸ். பி. பாலசுப்பிரமணியம் தலைமை தாங்கிய மெல்லிசைக் குழுவில் இளையராஜா கித்தாரும் பின்னர் ஆர்மோனியமும் வாசித்தார். பாஸ்கரும் கங்கை அமரனும் உடனிருந்தனர். 1976 இல் வெளிவந்த 'அன்னக்கிளி' இந்த வரிசையை மாற்றியது. குழுவில் வாசித்தவர் இசையமைப்பாளரானார். குழுவின் தலைவர் அவர் மெட்டுக்குக் குரல் கொடுத்தார். அந்தக் கூட்டுழைப்பின் பாட்டுகள் வானொலி வழியே நமது கரையோரக் குடிசைகளையும் எட்டின.

2017 மார்ச்சில் அந்நட்பு தெருவுக்கு வந்தது. பாடகர் தமது 50 ஆண்டு இசைப்பணியை ஒட்டி அமெரிக்காவில் நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தார். அனுமதியின்றித் தம் பாட்டுகளை மேடையில் பாடலாகாது என்று அவருக்கும் சித்ராவுக்கும் சரணுக்கும் இளையராஜா சட்ட அறிவித்தல் அனுப்பினார். சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகவும், எஞ்சிய நிகழ்ச்சிகளில் அப்பாட்டுகளைத் தவிர்ப்பதாகவும் பாடகர் முகநூலில் அறிவித்தார். இரசிகர்கள் இரு அணியாயினர். ஓரணி பேராசை என்றது. மற்றது நன்றிகேடு என்றது. சம்மாட்டியை இருவரும் மறந்தனர்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1977 இல் அளித்த தீர்ப்பொன்று, கூலிக்கு இசையமைத்தவரின் படைப்புக்குப் படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. அவ்வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமைக்கு வருந்தித் தனிக்குறிப்பு எழுதினார். அவர் 1957 ஆம் ஆண்டு நம்பூதிரிப்பாடு அமைச்சரவையில் சட்ட அமைச்சராயிருந்தவர். 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைப்பங்கைப் பெற்றனர். பாடுவோர்க்கும் வாசிப்போர்க்கும் பங்குரிமை கூறப்பட்டது.

ஆகவே, காசுக்கு நடத்தும் மேடையில் படைத்தவன் பங்கு கேட்டது நியாயமே. தோழனிடம் ஒரு சொல் பேசாமல் தாளில் அனுப்பியதால் பாடகர் நொந்ததும் நியாயமே. இரு நியாயங்களையும் மோதவிட்டது, பாட்டைப் பண்டமாக்கிய சந்தை.

2019 இல் இருவரும் ஆரத் தழுவி, ஜூனில் ஒரே மேடையில் நின்றனர். 2020 செப்டம்பர் 25 இல் பாடகர் மறைந்தார். அத்தழுவல் இன்னும் பிந்தியிருந்தால், பிணக்கே இறுதிச் சொல்லாகியிருக்கக் கூடும்.

ஆயினும் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. அப்பாட்டுகளில் வயலின் இழுத்தவர், புல்லாங்குழல் ஊதியவர், தபேலா தட்டியவர் பலரின் பெயர் இசைத்தட்டின் உறையில்கூட இல்லை. நமது மாணவர் ஒரு பாட்டைக் கேட்கும்போது, அதை வாசித்தவர் யார் என்றும் வினவட்டும். கயிற்றை இழுத்த கைகளை எண்ணாமல் பங்கைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்?