பழைய வரி எது, புது வரி எது?

1/ வயசான ஒரு அம்மாவை மகள் கூட்டிட்டு வந்தாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வார்ஃபரின் தொடரவும்' என்று இருந்தது. நானும் எழுதப் போயிட்டேன்.

"சார், ரத்தக்கசிவு வந்து அதை அப்பவே நிறுத்திட்டாங்களே!"

முந்தின சம்மரியிலிருந்து அப்படியே ஒட்டிய வரி அது. பழசு என்று காட்ட ஒரு குறிகூட இல்லை.

2/ இது கம்ப்யூட்டரோடு வந்த சிக்கல் இல்லைங்க. நம்ம கல்வெட்டுகளுக்கும் இருந்தது.

3/ அரியலூர் பக்கம் திருமழபாடி. 1013 வாக்கில் ராஜராஜ சோழன் அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னார். பிரிக்கும் முன், சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க உத்தரவு. ராஜேந்திரன் காலத்தில், 1026 வாக்கில், அவற்றைத் திரும்ப வெட்டினாங்க. நடந்ததையும் கல்லிலேயே பதிவு பண்ணிட்டாங்க.

வேறு சில சோழர் கோயில்களில், நகல் கல்வெட்டில் 'பழங்கற்படி' என்றே குறிப்பு இருக்கும். இது புதுத் தானம் இல்லை, பழைய கல்லின் நகல் என்று அர்த்தம்.

4/ இப்ப நம்ம புதுக்கோட்டைக்கு வாங்க. திருமயத்தில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் வருமானத்தில் தகராறு. 1245-ல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பை வெட்ட, குடைவரையில் இருந்த பழைய இசைக் கல்வெட்டின் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துட்டாங்க. சட்ஜம், காந்தாரம் மாதிரி சில சொற்கள்தான் மிச்சம்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு தப்பியதால்தான், போனது எப்படிப்பட்டது என்று ஓரளவு ஊகிக்க முடியுது.

5/ இணையத்தில்? 1980-ல் தொடங்கிய யூஸ்நெட்டில், மேற்கோள் காட்டும் ஒவ்வொரு பழைய வரிக்கும் முன்னால் > போடும் பழக்கம் வந்தது. அதற்கும் பழசுக்கு >>. வரியைப் பார்த்ததும் எது பழசு, எது புதுசு என்று தெரிஞ்சிடும். 1995-ல் வந்த இணைய நாகரிகக் கையேடு இன்னொன்றும் சொன்னது: முழுசையும் திருப்பி அனுப்பாதே, பதிலுக்கு வேண்டிய வரியை மட்டும் வை.

6/ சக டாக்டர்களே, பழைய சம்மரியை ஒட்டுங்க, தப்பில்லை. ஆனா மேலே தேதி போடுங்க. நிறுத்திய மருந்தை 'நிறுத்தப்பட்டது' என்று எழுதுங்க. நமக்கு அதுதான் பழங்கற்படி.

7/ நோயாளிகளின் வீட்டாருக்கு: பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டு வாங்க. சந்தேகம் இருந்தா அந்த மகள் மாதிரி வாய் திறந்து கேளுங்க. அன்னைக்கு அவங்க கேட்கலைன்னா, நான் அந்த மருந்தை எழுதியிருப்பேன்.