ரவுண்டானா: அமெரிக்க ஊரக நெடுஞ்சாலைகளில்

சாலைச் சந்திப்பின் நடுவே வட்டத் திட்டு அமைத்து, வாகனங்களை ஒரே திசையில் சுற்றிச் செல்லவிடும் ஏற்பாடு. நுழைபவர், ஏற்கெனவே சுற்றிவருபவருக்கு வழிவிட வேண்டும். 1966இல் பிரிட்டன் இவ்விதியை நாடெங்கும் கொண்டுவந்த பிறகே இன்றைய ரவுண்டானா உருப்பெற்றது.

வயல்வெளிச் சந்திப்புகளில் வண்டிகள் குறைவு. வேகமோ மிக அதிகம். கிளைச்சாலையில் நிற்பவர், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியின் தூரத்தைத் தப்பாகக் கணித்துக் குறுக்கே புகுந்தால், இடி நேராகக் கதவின் மேல் விழுகிறது, பிழைப்பது அரிது. நாற்சந்தியில் வாகனப் பாதைகள் முட்டிக்கொள்ளும் புள்ளிகள் 32. ஒற்றைத்தட ரவுண்டானாவில் 8தான். மோதினாலும் குறைந்த வேகத்தில், சாய்வான கோணத்தில் மோதும். கிளைச்சாலையில் மட்டும் நிறுத்தப் பலகை இருந்த சந்திப்புகளை இப்படி மாற்றினால், உயிரிழப்பும் காயமும் விளைவிக்கும் விபத்துகள் 82 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம்.

வெறும் வட்டம் போட்டால் போதாது. ஓட்டுநர் வெகுமுன்பே வேகத்தைக் குறைக்க, நீண்ட பிரிப்புத் திட்டுகளும் அணுகுசாலை வளைவுகளும் இரவு விளக்கும் அவசியம். நீள லாரிகளின் பின்சக்கரம் ஏறிச் செல்ல, நடுத்திட்டைச் சுற்றிச் சற்றே உயர்ந்த கான்கிரீட் விளிம்பு கட்டப்படுகிறது.