சீனக்குடாவின் ஜெட் விமானமும் ஊசிமுனை அளவு இரண்டு துளைகளும்



பாடசாலை வரலாற்றுக் கண்காட்சிக்காக தரம் 10, 11 பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு மாதிரி விமானம் செய்கிறோம் என்று போன கிழமை படம் போட்டிருந்தேன். "சேர், இது சேகுவேரா காலத்துல வந்த மிக் விமானம்தானே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். "சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுற சாமானுக்கு ஏன் துவக்கும் ரொக்கட்டும் பூட்டுறீங்க?" என்று ஒரு சகோதரர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலாவது, இது மிக் அல்ல. இதன் பெயர் ஜெட் புரோவோஸ்ட். இலங்கை வாங்கிய முதல் ஜெட் விமானம் இதுதான்.

சீனக்குடா விமானத்தளம் என்றால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். அன்று அங்கிருந்து எழும்பிப் போரிட்டவை ஹரிகேன் விமானங்கள். அவை விசிறி சுழலும் விமானங்கள், ஜெட் அல்ல. யுத்தம் முடிந்து, நாடு சுதந்திரம் அடைந்து, 1951ல் றோயல் சிலோன் விமானப்படை உருவானது. 1957ல் பிரித்தானியர் திருகோணமலைத் துறைமுகத் தளத்தையும் விமானத் தளங்களையும் நம் நாட்டிடம் கையளித்தார்கள். அதன் பின்னர் 1959ல்தான் ஜெட் புரோவோஸ்ட் வரத் தொடங்கியது. மொத்தம் 12 விமானங்கள்.

இந்த விமானம் பிறந்தது பயிற்சிக்காக. இங்கிலாந்தின் ஹண்டிங் பெர்சிவல் கம்பனி, விசிறி வைத்த பழைய புரோவோஸ்ட் பயிற்சி விமானத்தில் வைப்பர் என்ற சிறிய ஜெட் இயந்திரத்தைப் பொருத்தி 1954ல் முதன்முதலாகப் பறக்கவிட்டது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். நம்ம ஊரில் லேர்னர்ஸ் பலகை மாட்டிய வாகனத்தில் உட்காருவது போல. பிரித்தானிய விமானப்படை தன் புதிய விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது இதில்தான்.

இனி மாதிரிக்கு வருவோம்.

கடையில் கிடைக்கும் பெட்டி எயார்ஃபிக்ஸ் கம்பனியுடையது. அளவு 1/72. அதாவது உண்மையான விமானத்தை 72ஆல் பிரித்த அளவு. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ பதினைந்தரை சென்ரிமீற்றர், ஒரு அடிமட்டத்தில் பாதி. ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது டி.3 என்ற வகை, பிரித்தானியர் பாவித்த வெறும் பயிற்சி விமானம். இலங்கை வாங்கியது டி.51. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், டி.51ல் இரண்டு .303 இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு, இறக்கையின் கீழ் ஆயுதம் தொங்கவிடவும் வசதி உண்டு. அது வெளிநாடுகளுக்கு விற்பதற்கென்றே ஆயுதம் பொருத்திச் செய்த வகை. சூடானும் குவைத்தும் இதே டி.51ஐ வாங்கின.

ஆகவே பெட்டியில் இல்லாத பாகங்களை நாமே செய்ய வேண்டும். பிள்ளைகள் செய்த விதத்தைச் சொல்கிறேன், வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு உதவும்.

துப்பாக்கிக் குழலுக்கு இன்சுலின் ஊசியின் உலோகக் குழாய். அதன் வெளிப்பருமன் மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான். 72ஆல் பெருக்கினால் உண்மையான குழலின் பருமனுக்குக் கிட்ட வரும். கூர்முனையை வெட்டி அரம் கொண்டு தேய்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். புதிய ஊசி மட்டும் பாவியுங்கள், பாவித்ததைத் தொடவே வேண்டாம்.

உடலின் இரு பக்கமும் காற்று இழுக்கும் வாய்களுக்கு அருகில் துளை போட வேண்டும். துளைக்கும் ஊசியைக் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். துளை பெரிதாகிவிட்டால் சுப்பர் குளூவோடு குழந்தைப் பவுடர் கலந்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்துவிட்டு மறுபடி துளைக்கலாம்.

இறக்கையின் கீழ்ப் பிடிகளுக்கு யோகட் கோப்பையின் பிளாஸ்டிக். ரொக்கட்டுக்கு, பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தின் தண்டை மெழுகுதிரி மேல் காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் நூல் போல நீளும். ஆறியதும் வெட்டிக்கொள்ளலாம்.

இந்த விமானம் மூக்குச் சக்கரத்தில் நிற்பது. மூக்கில் பாரம் வைக்காவிட்டால் வால் தரையில் குந்திவிடும். பாரத்துக்குக் கிண்ணியாப் பிள்ளை ஒருவன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கொண்டு வந்தான். தட்டிச் சப்பையாக்கி உள்ளே ஒட்டினோம், கச்சிதமாக நின்றது. ஈயம் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ மறக்க வேண்டாம்.

கடைசியாக இலக்கம். நம் ஜெட் புரோவோஸ்ட்களின் இலக்கம் சீ.ஜே. என்ற எழுத்துகளோடு தொடங்கும். பெட்டியோடு வரும் பிரித்தானிய வட்டச் சின்னத்தை ஒட்டினால் அது சீனக்குடா விமானம் ஆகாது.

இப்போது இரண்டாவது கேள்வி. ஏன் ஆயுதம்?

1971 ஏப்ரல் 5. மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் நாடு முழுவதும் 90க்கும் மேற்பட்ட பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். நம் பெரியவர்கள் "சேகுவேரா காலம்" என்று சொல்வது இதைத்தான். சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் அதற்குத் தயாராக இருக்கவில்லை. அப்போது ஜெட் புரோவோஸ்ட்களில் சில பறக்காமல், சீனக்குடாவில் மாதக்கணக்கில் களஞ்சியப்படுத்திக் கிடந்தன. அவற்றைச் சில நாட்களுக்குள் அவசரமாகத் திருத்தி எடுத்துத் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று சீனக்குடாவுக்குத் திரும்பி இறங்க வரும்போது விழுந்து, விமானியும் உயிரிழந்தார். சோவியத் நாட்டு மிக் விமானங்கள் வந்தது அந்த ஏப்ரலின் பிற்பகுதியில்தான். ஆகவே முதல் இரண்டு கிழமைகளில் வானத்தில் கேட்ட ஜெட் சத்தம் மிக்கினது அல்ல. மிக்-17க்கு இறக்கை பின்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று இழுக்கும் வாய் மூக்கிலேயே இருக்கும். ஜெட் புரோவோஸ்டின் இறக்கை நேராக இருக்கும், வாய் இரண்டு பக்கமும் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் இந்த இரண்டு அடையாளத்தையும் கேட்டாலே எதைக் கண்டார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்தக் கலகத்தில் இறந்தவர்கள் அரச கணக்கில் சுமார் 1200 பேர். வேறு மதிப்பீடுகள் பல ஆயிரம் என்கின்றன. பெரும்பாலும் கிராமத்து இளைஞர்கள். நான் படிப்பிக்கும் பிள்ளைகளை விட மூன்று, நான்கு வயது மூத்தவர்கள்தான். நம் நாட்டு ஜெட் விமானம் முதன்முதலாக ஆயுதத்தைத் திருப்பியது எதிரி நாட்டின் மீது அல்ல, இந்தப் பிள்ளைகள் மீது.

இதை ஒரு பக்கத்துக்காகப் பேசுவதாக எடுக்க வேண்டாம். பொலிஸ் நிலையங்களில் இறந்தவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள்தான். விமானத்தோடு விழுந்த விமானியும் அப்படித்தான். நான் சொல்ல வருவது வேறு.

துப்பாக்கி இல்லாமல் மாதிரியைச் செய்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? பாவம், பயிற்சி விமானம்தானே, வேறு வழியில்லாமல் 1971ல் அதற்கு அவசரமாக ஆயுதம் பூட்டினார்கள் என்று நினைப்பார். அது உண்மை இல்லை. துப்பாக்கிக்கான இடம் 1959ல் வாங்கும்போதே இருந்தது. கலகம் வருவதற்கு 12 வருடங்களுக்கு முன்பே, ஆயுத வகைதான் வேண்டும் என்று தெரிந்தே வாங்கினோம். அந்த ஊசிமுனை அளவு இரண்டு துளைகளும் சொல்லும் வரலாறு அதுதான்.

இது நம் நாட்டின் கதை மட்டும் இல்லை. இதே ஜெட் புரோவோஸ்டை இன்னும் பலப்படுத்தி, ஸ்ட்ரைக்மாஸ்டர் என்ற தாக்குதல் விமானமாக்கி விற்றார்கள். சவூதியும் ஓமானும் வாங்கின. 1972ல் ஓமானின் மிர்பாத் சண்டையில் அது பறந்தது. பயிற்சி விமானம் எங்கே முடிகிறது, போர் விமானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது லேசான வேலை இல்லை.

பிள்ளைகளிடமே இந்த விடயத்தை விட்டேன். அவர்கள் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். இறக்கைக் கீழ்ப் பிடிகளையும் ரொக்கட்டையும் ஒட்டாமல், மெல்லிய கம்பி முள் வைத்துக் கழற்றிப் பூட்டும்படி செய்கிறார்கள். கழற்றி வைத்தால் பறக்கப் பழகும் விமானம். பூட்டினால் தாக்கும் விமானம். துப்பாக்கித் துளைகள் மட்டும் இரண்டு நிலையிலும் அப்படியே இருக்கும். அருகில் இரண்டு அட்டைகள், ஒன்றில் 1959, மற்றதில் 1971. கல்வியியற் கல்லூரியில் கற்றல் சாதனம் பற்றி எங்களுக்கு எத்தனையோ விரிவுரை நடந்தது. இதைவிடத் தெளிவான ஒரு சாதனத்தை நான் அங்கே காணவில்லை.

சகோதரரே, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. 2006ல் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த காலத்தில் வானத்தில் கேட்ட கிபீர் சத்தம் நம் தலைமுறையின் காதில் இன்னும் இருக்கிறது. விமானம் என்றால் நம் பிள்ளைகளுக்கு வடிவான விளையாட்டுச் சாமானாக மட்டும் இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தெற்கில் ஒரு தாய் 1971ல் இதே சத்தத்துக்குப் பயந்து நின்றாள் என்று நம் பிள்ளை அறிந்துகொள்வதும் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிண்ணியா, வெள்ளைமணல், மூதூர், தம்பலகாமம் பக்கத்தில் 1960களில் சீனக்குடாத் தளத்தில் வேலை செய்த பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு நினைவில் உள்ளதைக் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது. உண்மையான விமானத்தைப் பார்க்க விரும்புபவர்கள் கொழும்புப் பக்கம் போனால் இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள், அங்கே ஜெட் புரோவோஸ்ட் இருக்கிறது.

கண்காட்சித் திகதி முடிவானதும் இன்ஷா அல்லாஹ் அறிவிக்கிறேன். வஸ்ஸலாம்.